கோடும் ஓர் ஓவியமோ?

ஓவியம் என்றவுடன் நம் இல்லங்களில் உள்ளோர் நினைவுக்கு வருவன சிலவே. பூசை அறையில் சந்தனப் பொட்டுடன் விளங்கும் தெய்வத் திருவுருவம். கூடத்துச் சுவரில் மாலையிட்டு வைத்திருக்கும் தாத்தா பாட்டியின் படம். ஆண்டுதோறும் மளிகைக் கடைக்காரர் அளிக்கும் நாட்காட்டியில் உள்ள அருவியும் மயிலும். இவற்றைக் கண்டதும், "இது முருகன், இது மயில், இது தாத்தா" என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். அவ்வாறு சொல்ல முடிவதே ஓவியத்தின் வெற்றி என்று நாமும் எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆனால், எந்த உருவத்தையும் காட்டாத ஓவியமும் உலகில் உண்டு. மரமில்லை, மனிதரில்லை, மலையில்லை. கோடும் வடிவமும் வண்ணமும் மட்டுமே இருக்கும். இதனை அருவ ஓவியம் என்பர். ரஷிய நாட்டில் பிறந்த காண்டின்ஸ்கி என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழியில் நடந்தார். மாலேவிச் என்னும் மற்றொருவர் 1915ஆம் ஆண்டில் வெண்மையான தளத்தின்மேல் ஒரு கறுப்புச் சதுரத்தை மட்டும் தீட்டிக் காட்சிக்கு வைத்தார். அன்று நகைத்தவர் பலர். இன்று அச்சதுரத்தைக் குறிப்பிடாமல் உலக ஓவிய வரலாறு எழுதுவோர் இல்லை.

நம் பாரத நாட்டிலும் இவ்வழியில் சென்றோர் உளர். அவர்களுள் ஒருவர் கறுப்பு மையால் வரைந்த கோட்டோவியம் ஒன்றைப் பற்றி இத்திங்கள் வாசக அன்பர்களோடு சற்று உரையாட விரும்புகிறோம். நாம் ஓவியக் கல்லூரியின் வாயிலை மிதித்தவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கிடையே நாள் கழிப்பவர். ஆயினும் கோடு என்பது நம் தொழிலுக்குப் புதிதன்று. அந்த உரிமை ஒன்றைக் கொண்டே எழுதத் துணிந்தோம்.

படத்தில் என்ன இருக்கிறது?

வெண்மையான தாள். அதன் மேற்பகுதி முழுதும் வெறுமை. நடுவிலிருந்து கீழ்நோக்கிக் கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்குகின்றன. அவை ஒன்றோடொன்று இணையாகச் செல்கின்றன. முதலில் தடித்த கோடு. அதனையடுத்து அதனினும் மெல்லியது. பின்னர் மயிரிழை போன்றது. கடைசியில் மை நின்று, பென்சில் தடம் மட்டும் தொடர்ந்து, அதுவும் தாளின் வெண்மையில் கலந்து மறைகிறது. வேறொரு கோட்டுத் தொகுதி எதிர்த்திசையிலிருந்து வந்து இவற்றின் அருகில் நிற்கிறது, வெட்டவில்லை. சில கோடுகள் தாளின் விளிம்பு வரை சென்று அப்பால் எங்கோ போய்விடுகின்றன. அவ்வளவே. படத்துக்குத் தலைப்பு இல்லை. வரைந்த நாளும் குறிக்கப்படவில்லை.

இதனை முதலில் ஓர் இதழில் அச்சான படியாகவே கண்டோம். பின்னர் தலைநகர் சென்றிருந்தபோது இத்தகைய படங்களை நேரில் காணும் வாய்ப்புக் கிட்டியது. அச்சில் தெரியாத ஒன்று நேரில் தெரிந்தது. அச்சில் வெறும் வெண்மையாகத் தோன்றிய இடங்களில் மிக மெல்லிய பென்சில் கோடுகள் நிறைந்திருந்தன. அருகில் சென்று குனிந்தால்தான் அவை புலப்படும். இரண்டடி பின்வாங்கினால் மறைந்துவிடும். தொலைவில் நிற்பவருக்கு ஒரு படம், அருகில் வருபவருக்கு வேறொரு படம்.

வரைந்தவர் யார்?

இதனை வரைந்தவர் நஸ்ரீன் முகமதி என்னும் பெண்மணி. 1937ஆம் ஆண்டு கராச்சியில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். குடும்பம் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. தந்தையார் பஹ்ரைனில் புகைப்படக் கருவிகள் விற்கும் வணிகம் நடத்தியவர். ஆகவே கடல் கடந்த ஊர்களும் பாலைவனமும் இளமையிலிருந்தே இவருக்குப் பழக்கமாயின.

1954 முதல் 1957 வரை லண்டனில் செயின்ட் மார்ட்டின்ஸ் ஓவியப் பள்ளியில் பயின்றார். பின்னர் 1961 முதல் 1963 வரை பாரிஸ் நகரில் கற்றார். இடையில் பம்பாயில் பூலாபாய் தேசாய் நினைவு நிலையத்தில் இருந்து படம் வரைந்தார். அங்கேதான் கைதொண்டே போன்ற மூத்த ஓவியர்களின் பழக்கம் ஏற்பட்டது. வி. எஸ். கைதொண்டேயும் உருவங்களைத் துறந்து, அமைதியே வடிவான படங்களைத் தீட்டியவர்.

1972ஆம் ஆண்டு பரோடாவில் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பிரிவில் ஆசிரியப் பணி ஏற்றார். பரோடா (இன்றைய வதோதரா) நம்மவருக்கு அயலான ஊரன்று. பம்பாயிலிருந்து வரும் இருப்புப் பாதை அகமதாபாத்துக்கும் டில்லிக்குமாகப் பிரியும் சந்திப்பு அது. அகமதாபாத்திலிருந்து சென்னைக்குச் செல்லும் நவஜீவன் விரைவு வண்டி அங்கு நின்றுதான் செல்கிறது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் நம் குடும்பங்கள் எத்தனை முறை அந்நடைமேடையில் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்திருக்கும்! அந்நிலையத்துக்கு அண்மையிலேயே அந்த நுண்கலைப் பிரிவு இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறியோம்.

1950ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அப்பிரிவுக்குத் தமிழ்த் தொடர்பும் உண்டு. கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, நாட்டு விடுதலைப் போரில் சிறை சென்று, சாந்திநிகேதனத்தில் ஓவியம் கற்ற கே. ஜி. சுப்பிரமணியன் அவர்கள் அங்கு நெடுங்காலம் ஆசிரியராக விளங்கினார். நஸ்ரீன் பணியில் சேர்ந்த நாளில் அவரும் அங்கிருந்தார். 2016இல் அவர் மறைந்ததும் அதே ஊரில்தான்.

அந்நாளில் பரோடா ஓவியர் பலரும் மனிதரைத் தீட்டினர். தெருவையும் வீட்டையும் ஊர்க் கதைகளையும் தீட்டினர். கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே பெரும் புகழ் பெற்ற பூபேன் கக்கரும் அவர்களுள் ஒருவர். அவர் படத்தில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவரும் முடிதிருத்துபவரும் இடம் பெறுவர். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே நஸ்ரீன் தனியே அமர்ந்து கோடு போட்டுக்கொண்டிருந்தார். வண்ணம் வேண்டாம், உருவம் வேண்டாம், கதை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக நீக்கி, நீக்க முடியாத ஒன்றில் வந்து நின்றார். அதுதான் கோடு.

கோடு போடுவது எளிதோ?

"அளவுகோலை வைத்து இழுத்தால் கோடு வந்துவிடுகிறது, இதில் என்ன திறமை?" என்று கேட்பவர் உளர். மையால் கோடு இழுத்துப் பழகியவர் இவ்வாறு கேட்க மாட்டார்.

ரயில்வேயின் பொறியியற் பிரிவில் பழைய நாளில் டிரேசர் என்று ஒரு பதவி இருந்தது. பாலங்களின் வரைபடங்களையும் நிலைய அமைப்புகளையும் பொறியாளர் பென்சிலால் போட்டுத் தருவார். மெழுகுத் துணியை அதன்மேல் விரித்து மையால் படியெடுப்பவர் டிரேசர். அவர்கள் கையாண்ட கருவி ரூலிங் பேனா. எஃகினாலான இரண்டு அலகுகள். அவற்றுக்கிடையே ஒரு திருகு. திருகை இறுக்கினால் கோடு மெலியும், தளர்த்தினால் தடிக்கும். மை என்பது விளக்குக் கரியைப் பிசினோடு சேர்த்துச் செய்த, இந்தியன் இங்க் என்று கடையில் விற்கும் கறுப்பு மை. உலர்ந்துவிட்டால் எளிதில் அழியாது.

அக்கருவியைக் கையாள்வதில் உள்ள இடர்களை மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மை மிகுந்தால் நுனியிலிருந்து சொட்டும். குறைந்தால் பாதி வழியில் கோடு வற்றிவிடும். பேனா சற்றே சாய்ந்தால் மை அளவுகோலின் அடியில் ஊர்ந்து படம் முழுதும் பரவும். இழுக்கும் வேகம் மாறினால் தடிப்பு மாறும். கோட்டின் தொடக்கத்தில் ஒரு நொடி தயங்கினால் அங்கே ஒரு பொட்டு விழும். நூறு கோடுகளை ஒழுங்காகப் போட்டு, நூற்றோராவது கோட்டில் பிழை நேர்ந்தால் முன்னுள்ள நூறும் வீண். பென்சிலுக்கு ரப்பர் உண்டு. மைக்கு மன்னிப்பு இல்லை.

நஸ்ரீனும் கட்டிடக்கலைஞர்கள் வைத்திருக்கும் அதே வகைக் கருவிகளைக் கொண்டே வரைந்தார். வரைபலகை, மூலைமட்டம், மை, பென்சில். ஆனால் டிரேசருக்கு முன்னே பொறியாளரின் படம் இருந்தது. எந்தக் கோடு எங்கே முடியவேண்டும் என்பது முன்பே முடிவானது. நஸ்ரீனுக்கு முன்னே வெறுந்தாள் மட்டுமே. அடுத்த கோடு எத்தனை நூலிடை தள்ளி விழவேண்டும், எவ்வளவு மெலிய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் அவரே தீர்மானிக்க வேண்டும். பாலத்தின் கோடு தவறினால் பாலம் விழும். இவருடைய கோடு தவறினால் விழுவது எதுவும் இல்லை என்று தோன்றும்; ஆனால் படம் விழுந்துவிடும். அதைக் கண்டுகொள்ள வேண்டியவரும் அவர் ஒருவரே. பார்ப்போர் எவரும் குறை காண முடியாத இடத்தில் தமக்குத் தாமே கணக்குக் காட்டுவது அரிய செயல் அன்றோ?

கட்டுப்பாட்டு அறையின் படம்

இவ்வோவியத்தைக் கண்டபோது நம் நினைவு சென்ற இடம் ஒன்றுண்டு. ரயில் இயக்கத்தில் கட்டுப்பாட்டு அறை என்பது நெஞ்சம் போன்றது. அங்கே செக்ஷன் கன்ட்ரோலர் அமர்ந்து தம் பகுதியில் ஓடும் ஒவ்வொரு வண்டியையும் ஒரு வரைபடத்தில் குறித்து வருவார். இப்போது அந்தப் பணி பெரும்பாலும் கணிப்பொறித் திரைக்குச் சென்றுவிட்டது. முன்னர் கையால்தான் வரைந்தனர். அத்தகைய பழைய தாள்களைப் பழுத்த ஊழியர் சிலர் இன்னும் பாதுகாத்து வைத்திருக்கின்றனர்.

தாளின் குறுக்கே நேரம்; மேலும் கீழுமாக நிலையங்கள். ஒரு வண்டி ஒரு நிலையத்தை விட்டுப் புறப்பட்ட நேரத்தில் ஒரு புள்ளி. அடுத்த நிலையத்தைச் சேர்ந்த நேரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைத்தால் ஒரு சாய்வுக் கோடு. விரைவு வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். சரக்கு வண்டியின் கோடு களைத்தவன் மலையேறுவது போலச் சாய்ந்து செல்லும். வண்டி நின்றுவிட்டால் கோடு படுத்துவிடும். எதிரெதிராக வரும் வண்டிகளின் கோடுகள் ஒற்றைப் பாதையில் நிலையத்தில் மட்டுமே சந்திக்க வேண்டும். இரு நிலையங்களுக்கிடையே அவை வெட்டினால் அதன் பொருள் என்ன என்பதை எண்ணவும் நெஞ்சு நடுங்கும்.

அறியாதவருக்கு அத்தாள் வெறும் கீறல். அறிந்தவருக்கோ அதில் ஆயிரக்கணக்கான மக்கள் தெரிவர். இந்த மெல்லிய கோட்டில் சென்னைக்குச் செல்லும் நவஜீவன் போகிறது. அதில் தாயின் உடல்நிலை கேட்டு விரையும் மகன் இருக்கிறான். பிரசவத்துக்குப் பிறந்தகம் செல்லும் பெண் இருக்கிறாள். கோட்டில் அவர்கள் முகம் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் அக்கோடு இல்லை.

நஸ்ரீன் ரயில் வரைபடத்தைப் பார்த்து இதனை வரைந்தார் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் உற்று நோக்கியவை வேறு. அவர் ஒரு புகைப்படக் கருவியும் வைத்திருந்தார். கடற்கரையில் அலை பின்வாங்கிய ஈரத்தடம், சாலைமேல் இட்ட வெள்ளைக் கோடு, நடைபாதையின் கல்வரிசை, பதேபூர் சிக்ரியின் முற்றம் ஆகியவற்றைப் படமெடுத்தார். அப்படங்களை அவர் உயிரோடிருந்தவரை காட்சிக்கு வைத்ததில்லை. அவற்றையும் கோட்டோவியங்களையும் இன்று அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, உலகைத் துறந்து அவர் கோட்டுக்கு வரவில்லை, உலகிலிருந்தே கோட்டை எடுத்தார் என்பது விளங்கும். கன்ட்ரோலரின் கோட்டில் எவ்வாறு பயணிகள் உளரோ, அவ்வாறே இவருடைய கோட்டில் கடலும் சாலையும் நிழலும் உள்ளன.

கோலமும் இதுவும்

"நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் வாசலில் போடும் கோலமும் கோடுதானே?" என்று தாய்மார்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அயல் மாநிலத்து அடுக்கு வீட்டில், இரண்டடிச் சதுரமே உள்ள வாசலிலும், கோலப்பொடி கிடைக்காத நாளில் சுண்ணக்கட்டியாலும் அம்மரபைக் காத்து வருபவர்கள் அவர்கள். உருவமில்லாக் கோட்டின் அழகை அறிந்த குலம் நம்முடையது. ஆகவே அருவ ஓவியம் நமக்கு விளங்காது என்பது பொருந்தாது.

ஆயினும் ஒரு வேற்றுமை நோக்கத்தக்கது. சிக்குக் கோலத்தில் புள்ளிகள் காவல் நிற்கின்றன. கோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். சேராவிட்டால் கோலம் தவறு என்போம். நஸ்ரீனின் கோடு அவ்வாறன்று. அது ஒரு திசையில் புறப்பட்டுத் தாளின் விளிம்பைக் கடந்து போய்விடுகிறது. திரும்புவதில்லை. கோலம் வீட்டின் கோடு. இது பயணத்தின் கோடு.

ஊரை விட்டு வந்து இருபது முப்பது ஆண்டுகள் ஆன நம் குடும்பங்களுக்கு இவ்வேற்றுமை உள்ளத்தைத் தொடும் என்று நம்புகிறோம். "ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம்" என்று சொல்லிக்கொண்டே பலர் இங்கேயே வீடு கட்டினர். பிள்ளைகள் இவ்வூர்ப் பள்ளியில் படித்து இவ்வூர் மொழியில் கனவு காண்கின்றனர். கோலம் போலத் தொடங்கிய வாழ்வு கோடு போல நீண்டுவிட்டது. அதனால் அது பிழையான வாழ்வு ஆகிவிடாது. திரும்பாத கோட்டுக்கும் ஓர் ஒழுங்கும் அழகும் உண்டு என்பதை இவ்வோவியம் நமக்குச் சொல்கிறது என்று கொண்டால் அது மிகையன்று.

நம் பிள்ளைகள் செய்தி

இனிச் சொல்லவிருப்பது நம் இல்லங்களைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் தமிழர் சங்கம் ஒன்றின் பொங்கல் விழாவில் சிறுவர்க்கு ஓவியப் போட்டி நடந்தது. தலைப்பு, "எங்கள் ஊர்". பிள்ளைகள் எல்லோரும் கோபுரமும் தென்னை மரமும் கரும்பும் வரைந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அக்கோபுரத்தை ஆண்டுக்கொருமுறை பத்து நாள் மட்டுமே கண்டவர்கள். ரயில்வே குடியிருப்பிலிருந்து வந்த ஒரு சிறுமி மட்டும் தாளின் குறுக்கே கறுப்புக் கோடுகள் பலவற்றை இழுத்துக் கொடுத்தாள். தண்டவாளமும் மேலே செல்லும் மின்கம்பிகளும் மாலையில் சன்னல் வழியே தெரிவதை அவ்வாறு வரைந்திருந்தாள். "இதில் ஊரும் இல்லை, வீடும் இல்லை" என்று சொல்லி நடுவர்கள் அதனை ஒதுக்கிவிட்டனர். சிறுமியின் தாயார் எழுந்து, "அண்ணா, அவளுக்கு ஊர் அதுதானே?" என்று மெல்லக் கேட்டார். மறுமொழி சொல்வார் இல்லை. பரிசுகள் வழங்கப்பட்டன, விழா இனிது முடிந்தது.

அச்சிறுமி இப்போது பள்ளி இறுதி வகுப்பில் இருக்கிறாள். ஓவியம் பயில வேண்டும் என்பது அவள் விருப்பம். வணிகவியல் படித்து வங்கித் தேர்வு எழுத வேண்டும் என்பது தந்தையின் கட்டளை. அத்தந்தையைக் குறை கூற நமக்கு மனமில்லை. மாதச் சம்பளத்தில் வாழ்பவர். இரண்டு பெண்களுக்குத் தந்தை. ஊரில் அடகிலிருக்கும் நிலம் ஒருபுறம். ஓவியம் சோறு போடுமா என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எல்லோருக்கும் போடாது என்பதே உண்மையான விடை.

ஆனால் இன்னும் சில உண்மைகளையும் அவர் முன் வைக்க வேண்டும். நஸ்ரீன் தம் கோடுகளை மட்டும் நம்பி வாழவில்லை. மாணவர்க்குக் கற்பித்து, அவ்வூதியத்தில் வாழ்ந்தார். பூபேன் கக்கர் பல ஆண்டுகள் கணக்கெழுதிக்கொண்டே ஓவியம் தீட்டினார். ஆகவே வயிற்றுக்கு ஒரு வழியும் நெஞ்சுக்கு ஒரு வழியும் சேர்ந்தே செல்லலாம், இரண்டு தண்டவாளங்களைப் போல. மேலும், ஓவியம் பயின்றோர்க்கு இந்நாளில் ஆசிரியப் பணியும் அச்சுத்துறையும் துணி வடிவமைப்பும் வாயில் திறந்திருக்கின்றன. பெண் கேட்பது இன்னதென்று அறியாமலே மறுப்பதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு போய் ஓவியக் கல்லூரி ஒன்றின் ஆண்டுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து மறுப்பது தகுதியாகும். பார்த்தபின் அவர் மறுக்காமலும் போகலாம்.

நடுங்கும் கையும் நேரான கோடும்

நஸ்ரீனின் வாழ்வில் நம்மை மிகவும் நெகிழச் செய்வது அவருடைய பிற்காலம். உடலின் அசைவுகளைக் கட்டுக்குள் வைக்கும் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கவர்ந்துகொள்ளும் நரம்பு நோய் அவரைப் பற்றியது. கையும் காலும் சொற்படி கேளாத நிலை. மயிரிழை பிசகாமல் கோடு இழுப்பதையே வாழ்வாகக் கொண்ட ஒருவருக்கு இதனினும் கொடிய இடர் வேறென்ன நேர முடியும்?

வியப்பு யாதெனில், அக்காலத்தில் அவர் வரைந்த படங்களிலும் கோடுகள் நடுங்கவில்லை. முன்னைய படங்களில் தாள் நிறையக் கட்டங்களும் கோடுகளும் பின்னிக் கிடக்கும். நெசவுத் தறியில் பாவும் ஊடும் போலத் தோன்றும். பிற்காலப் படங்களில் கோடுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது. சில சாய்வுகள், ஒரு வளைவு, மிகுந்த வெண்மை, அவ்வளவே. இயன்றதை மட்டும் செய்தார், ஆனால் இயன்றதைக் குறையின்றிச் செய்தார். 1990ஆம் ஆண்டு மே மாதம் பம்பாய்க்குத் தெற்கே அலிபாகை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரை ஊரில் அவர் காலமானார்.

முதுமையாலோ நோயாலோ கை தளர்ந்த பெரியோர் நம் இல்லங்கள் பலவற்றில் உளர். அவர்கள் இன்னும் தாமே தமக்குக் காப்பி கலந்துகொள்ள வேண்டும் என்றும், தாமே கையெழுத்திட வேண்டும் என்றும் பிடிவாதம் செய்யும்போது நாம் சில வேளை சலித்துக்கொள்கிறோம். அப்பிடிவாதத்தின் பெயர் என்ன என்பதை இக்கோடுகளைக் கண்டபின் நாம் வேறு விதமாக எண்ணக்கூடும்.

காலம் தந்த மதிப்பு

வாழ்ந்த நாளில் அவருடைய பெயர் ஓவியர் வட்டத்துக்கு அப்பால் பெரிதும் பரவவில்லை. மறைந்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 2007இல் ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமெண்டா கண்காட்சியில் அவர் படைப்புகள் இடம் பெற்றன. 2013இல் டில்லியின் கிரண் நாடார் கலைக்கூடம் அவருக்கெனப் பெரிய கண்காட்சி நடத்தியது. 2015இல் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரின் ரெய்னா சோஃபியா கலைக்கூடம் அவரை வரவேற்றது. 2016 மார்ச்சில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் மெட் பிராயர் என்ற புதிய கிளையைத் திறந்தபோது, தொடக்க நாளில் வைத்த கண்காட்சிகளுள் ஒன்று நஸ்ரீனுடையது. அக்கிளை 2020இல் மூடப்பட்டுவிட்டது, கோடுகள் நிற்கின்றன.

மேனாட்டுத் திறனாய்வாளர் அவரை அமெரிக்க ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினோடு ஒப்பிடுவது வழக்கம். அப்பெருமாட்டியும் கட்டங்களும் கோடுகளுமே வரைந்தவர். ஒப்பீடு ஒருபுறம் இருக்க, பரோடாவின் வெயிலிலும் கிஹிமின் கடற்காற்றிலும் பிறந்த கோடுகள் இவை என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். தலைப்பும் நாளும் இல்லாத அப்படங்களை எந்தப் பருவத்தில் எது பிறந்தது என்று வரிசைப்படுத்தும் பணியை அறிஞர்கள் செய்து வருகின்றனர். படத்தின் அடியில் தம் பெயரைப் பெரிதாகப் பொறிக்க விரும்பாத ஒருவரைத் தேடி உலகம் வந்தது நினைக்கத்தக்கது.

காண்பது எவ்வாறு?

இத்தகைய படத்தின் முன் நிற்க நேரும்போது, "இது என்ன?" என்று முதலில் கேட்க வேண்டா. நாதசுரத்தில் ஆலாபனை கேட்கும்போது, "இதில் சொல் எங்கே?" என்று நாம் கேட்பதில்லை. ஏறும் இடத்தில் நாமும் ஏறுகிறோம். நிற்கும் இடத்தில் மூச்சை நிறுத்துகிறோம். அவ்வாறே ஒரு கோட்டைப் பற்றிக்கொண்டு அது செல்லும் வழியே கண்ணைச் செலுத்துக. அது எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று பார்க்க. பின்னர் இரண்டு கோடுகளுக்கிடையே உள்ள வெண்மையைப் பார்க்க. வரைந்தவர் அதையும் அளந்தே விட்டிருக்கிறார். பிறகு இரண்டடி பின்வாங்குக. மீண்டும் அருகில் வருக. ஐந்து நிமிடம் போதும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தோன்றாவிட்டால் குற்றமில்லை. அடுத்த படத்துக்குச் செல்லலாம்.

டில்லியில் உள்ள அன்பர்கள் கிரண் நாடார் கலைக்கூடத்தில் நஸ்ரீனின் படங்கள் அப்போது காட்சியில் உள்ளனவா என்று முன்னரே கேட்டறிந்து செல்வது நலம். பரோடா வழியே ஊர் செல்வோர் வண்டி மாறும் இடைவேளையில் நுண்கலைப் பிரிவின் மரநிழலை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம். இரண்டும் இயலாதோர் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளையிடம் ஒரு வெள்ளைத்தாளும் மைப்பேனாவும் அளவுகோலும் கொடுத்து, இருபது இணைகோடுகளைச் சம இடைவெளியில் இழுக்கச் சொல்லுங்கள். அருகில் அமர்ந்து தாங்களும் இழுத்துப் பாருங்கள். பத்தாவது கோட்டுக்குள் வீட்டில் ஓர் அமைதி வந்து சேரும். இருபதாவது கோட்டை முடித்து நிமிரும்போது, "கோடும் ஓர் ஓவியமோ?" என்ற கேள்விக்கு அவரவர் கையே விடை சொல்லும்.